முள்ளப்பருக்கு விழுந்த ஐம்பத்தெட்டு ஓட்டு

1. ஒரு அப்பாவின் கடிதம்

நான் தொலைக்காட்சியில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தேன். அதில் முதல் நான்கு வருடம் முள்ளம்பன்றியாக இருந்தேன். இதைச் சொன்னால் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. என் நியமனக் கடிதத்தில் "பொம்மை இயக்குபவர் (தற்காலிகம்)" என்று டைப் அடித்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கடிதத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காவிட்டால் நான் கண்ணமங்கலத்துக்குத் திரும்பிப் போய், அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை தங்கமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஆனால் எனக்குப் பொம்மை பிடித்திருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வாரம் ஒரு நாள், சாயங்காலம் அரை மணி நேரம் எங்கள் நிகழ்ச்சி. வேப்பமரத்தூர் என்று ஓர் ஊர், ஊர் முழுக்க மிருகங்கள். எல்லாம் கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகள். முள்ளப்பர் என்ற முள்ளம்பன்றி என் கையில். பழைய கம்பளியில் உடம்பு, தென்னை ஈர்க்கில் கறுப்பும் வெள்ளையும் அடித்து முள். அவருக்கு எதுவும் பிடிக்காது. மழை பெய்தால் ஈரம் என்பார், வெயில் அடித்தால் புழுக்கம் என்பார். பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தால் ஓரம் காய்ந்திருக்கிறது என்பார். அந்தக் குரலை எங்கே பிடித்தேன் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கும் பிடிக்கவில்லை. காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் நான் பேசும் குரல்தான் அது.

ஒரு நாள் நிலையத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. "என் மகனுக்கு ஏழு வயது. நேற்று இரவு சாதம் குழைந்துவிட்டது என்று தன் தாயாரிடம் கூறினான். கண்டித்தபோது, முள்ளப்பரும் இப்படித்தான் சொல்வார் என்கிறான். ஆவன செய்யவும்." கடிதத்தின் ஓரத்தில் நிலைய டைரக்டர் சிவப்பு மையில் "பேசவும்" என்று எழுதியிருந்தார். எங்கள் நிலையத்தில் அந்த ஒரு சொல் வந்தால் யாருக்கோ திட்டு நிச்சயம்.

எங்கள் தயாரிப்பாளர் ராகவன் சார் போய்ப் பேசிவிட்டு வந்தார். நிதானமான மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.

"வசந்தா, முள்ளப்பர் ஊரை விட்டுப் போகணும்."

"எங்க சார் போவாரு?"

"எங்கயோ போறார். வேப்பமரத்தூருக்கு மேயர் தேர்தல் வைக்கிறோம். முள்ளப்பரும் நிக்கிறார், முத்தையா முயலும் நிக்குது. முயல் ஜெயிக்குது. இவர் கோவிச்சுக்கிட்டு மூட்டையைக் கட்டறார். சும்மா குறை சொல்லிட்டே இருந்தா யாரும் ஓட்டுப் போட மாட்டாங்கன்னு குழந்தைகளுக்குப் புரியும். நாலு வாரக் கதை."

"அஞ்சாவது வாரம் நான் இன்னா சார் பண்றது?"

ராகவன் சார் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "மேகம், மரம் மாதிரி ஏதாவது இருந்தா சொல்றேம்மா" என்றார். மேகத்துக்கு வசனம் கிடையாது. வசனம் இல்லாத ஆளுக்குக் கடிதம் புதுப்பிக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2. கடகடவென்று ஒரு டப்பா

ஓட்டுப் போடுவது நிஜக் குழந்தைகளாக இருக்க வேண்டும் என்பது ராகவன் சாரின் யோசனை. எந்தக் குழந்தைகள் என்று முடிவு செய்தது டைரக்டர். கிராமத்தில் எடுக்கும் அவுட்டோர் படப்பிடிப்பு அந்த வருடம் குறைவாக இருந்தது. ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது, அங்கே போய் எடுங்கள் என்றார்.

ராகவன் சார் மலையைப் பற்றி விசாரித்துவிட்டு உற்சாகமாக வந்தார். "அங்க முள்ளம்பன்றி ராத்திரி தோட்டத்துல புகுந்து கிழங்கையெல்லாம் தோண்டித் தின்னுடுமாம். பார்த்தாலே கல்லால அடிப்பாங்களாம். உனக்கு ஒரு ஓட்டு விழாது." என்னிடம் சொல்கிறோம் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. உடனே கண்ணாடியைத் துடைத்தார்.

வேலூரில் தங்கி, விடிந்ததும் வேனில் கிளம்பினோம். கேமரா, பெரிய பெரிய டேப், ஜெனரேட்டர், இரண்டு லைட் ஸ்டாண்ட், பொம்மைப் பெட்டி, ஓட்டுப் பெட்டி. ராகவன் சார் முன் சீட்டில். பின்னால் கேமராமேன், முயலை ஆட்டும் சுந்தர், லைட்மேன் யூசுப் பாய், நான். பாய் வேலூர்க்காரர். மூன்று வார்த்தையில் முடிவதை நான்கு வார்த்தையில் சொல்ல மாட்டார்.

என் வேலை போகப் போகிறது என்ற எரிச்சலில் வழியெல்லாம் நான் குறை சொல்லிக்கொண்டே போனேன். கணியம்பாடியில் குடித்த டீயில் புகை நாற்றம் அடிக்கிறது என்றேன். ஜன்னல் சாத்தவில்லை என்றேன். அமிர்தி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், என் சீட்டுக்கு அடியில் இருந்த நீல நிற டப்பா ஒவ்வொரு வளைவிலும் கடகடவென்று ஆடுவதாகச் சொன்னேன். யூசுப் பாயின் ஸ்பேர் சாமான் டப்பா அது. போல்ட், நட்டு, ஃபியூஸ் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த டப்பாவைப் பற்றி மட்டும் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன்.

கடைசியில் ராகவன் சார் திரும்பிப் பார்த்தார். "முள்ளப்பர் பெட்டிக்குள்ளதானே இருக்கார்? வெளிய ஏன் சத்தம் கேக்குது?"

சுந்தர் மட்டும் சிரித்தான். அவனுடைய முயல் மேயர் ஆகப்போகிறது, அவன் சிரிப்பான்.

3. பம்படியில்

பள்ளிக்கூடம் ஓட்டுக் கூரை போட்ட நீளக் கட்டடம். முன்னால் ஒரு புளியமரம், பின்னால் ஒரு கைப்பம்பு. மற்றவர்கள் லைட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நான் முகம் கழுவப் போனேன். அடித்தேன், அடித்தேன், கைதான் வலித்தது. நாற்பது அடி அடித்த பிறகு குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதுபோல் கொஞ்சம் வந்தது.

ஈரக் காற்றில் ஈர்க்கு ஏதும் கழன்றுவிட்டதா என்று பார்க்க முள்ளப்பரை வெளியே எடுத்துக் கையில் மாட்டியிருந்தேன். பொம்மை கையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி.

"இதுக்குப் பேரு பம்பா?" என்றார் முள்ளப்பர். "நாப்பது அடி அடிச்சி ஒரு சொட்டு. இதுக்கு அழுதா அதவிட ஜாஸ்தி தண்ணி வரும். இத எவன் பாக்கணுமோ அவன் எங்க போய்ட்டான்? தூங்கறானா?"

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால் பள்ளிக்கூடம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு பெண், ஐந்தாம் வகுப்பு. பெயர் சென்னம்மா என்று பிறகு தெரிந்தது. என்னை அவள் பார்க்கவே இல்லை. பொம்மையை நேராகப் பார்த்தாள்.

"நீ முள்ளம்பன்னி தான?"

"பாத்தா இன்னா, கோழி மாரியா கீது?" என்றார் முள்ளப்பர்.

"எங்க தோட்டத்துல கெழங்கு நோண்டினது நீயா?"

"நான் மெட்ராஸ்லேர்ந்து வர்றேன். உன் கெழங்கு எனக்கு எதுக்கு? அத வுடு. இந்தப் பம்பு எத்தினி நாளா இப்டி கீது?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னோம். எழுதிக்கினு போனாங்க."

"எழுதிக்கினு போனா தண்ணி வந்துருமா? அப்பால தண்ணிக்கு எங்க போறீங்க?"

"கீழ ஓடைக்கு. பள்ளிக்கூடம் மணி அடிக்கறதுக்குள்ள ரெண்டு நடை."

"கர்மம்" என்றார் முள்ளப்பர். அதற்குள் ரிகர்சலுக்குக் கூப்பிட்டார்கள், நான் போய்விட்டேன். எனக்கு இந்தப் பேச்சு மறந்தும் போனது. அந்த நேரத்தில் என் கவலை எல்லாம் என் கடிதத்தைப் பற்றித்தான்.

4. பேசி முடித்தது

பெரிய வகுப்பறையில் லைட் வைத்தோம். வெளியே மேகம் மூடியிருந்தது. ஜன்னல் சின்னது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். இரண்டு லைட்டும் எரிந்தால்தான் படம் தேறும்.

முதலில் முத்தையா முயல் பேசியது. "அன்புக் குழந்தைகளே! நம் ஊரில் எல்லாம் நன்றாக இருக்கிறது! நான் மேயரானால் இன்னும் நன்றாக இருக்கும்! எப்போதும் புன்னகையுடன் இருப்போம்!" சுந்தர் நன்றாகவே செய்தான். முயலின் காது இரண்டும் துள்ளின.

அடுத்து முள்ளப்பர். ஸ்கிரிப்ட்டில் அவருக்குப் பன்னிரண்டு வரி, பன்னிரண்டும் குறை. தெரு விளக்கு எரியவில்லை, பூங்கா பெஞ்சு ஆடுகிறது, தபால்காரர் மெதுவாக நடக்கிறார், இப்படி. இதை இளையவர்கள் கவனிக்க வேண்டும்: நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. என் வேலைக்கே உலை வைக்கும் ஸ்கிரிப்ட்டை, எழுதியது எழுதியபடி சொன்னேன். அந்த விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. அந்த நாளில் நான் பெருமைப்படக்கூடியது அது ஒன்றுதான். ஏன் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ராகவன் சார் ஓட்டுச் சீட்டுகளைக் கொடுத்தார். ஒரு பக்கம் முயல் படம், ஒரு பக்கம் முள்ளம்பன்றி படம். மறைப்புக்குப் பின்னால் போய் ரப்பர் ஸ்டாம்ப்பைக் குத்தி, பெட்டியில் போட வேண்டும். யாருக்குக் குத்தினோம் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. இதையெல்லாம் அவர் அழகாக விளக்கினார். பிள்ளைகள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் ஐம்பத்தெட்டு பேரும் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்கள்.

"எங்க போறாங்க?" என்றார் ராகவன் சார்.

"பேசப் போறாங்க சார்" என்றார் பள்ளி ஆசிரியர். "இங்க எந்த விஷயம்னாலும் ஊரு மொத்தமா ஒக்காந்து பேசுவாங்க. எல்லாரும் ஒரே முடிவுக்கு வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க. பெரியவங்களப் பாத்து இதுங்களும் அதே மாரி. போன மாசம் கபடி டீமுக்கு கேப்டன் போட ரெண்டு பீரியடு போச்சுங்க."

"ரகசிய ஓட்டுன்னு சொன்னேனே."

"ரகசியமாத்தாங்க போடுவாங்க. பேசிட்டுப் போடுவாங்க."

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். யாரும் கத்தவில்லை. பிறகு வரிசையாக உள்ளே வந்து, ஒவ்வொருவராக மறைப்புக்குப் பின்னால் போய், பரம ரகசியமாக ஸ்டாம்ப் குத்தினார்கள். ராகவன் சார் கேமரா முன்னால் பெட்டியைத் திறந்து எண்ணினார். முள்ளப்பர் ஐம்பத்தெட்டு. முயல் சைபர். மறுபடி எண்ணினார். மாறவில்லை.

கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பண்ணே?"

"பம்பு அடிச்சேன் சார்" என்றேன். உண்மை அதுதான்.

அவர் சென்னம்மாவைக் கூப்பிட்டார். குழந்தைகளிடம் அவர் எப்போதும் குனிந்து நின்றுதான் பேசுவார். "முள்ளம்பன்றி உங்க கிழங்கைத் தின்னுடும், இல்லையா? அதுக்குப் போய் ஏம்மா ஓட்டுப் போட்டீங்க?"

"முயலுந்தாங்க அவரைச் செடியத் தின்னுது. ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி, ஆனா இவர் எதுக்கெடுத்தாலும் குறை சொல்றாரே?"

"ஆமாங்க, அதான் போட்டோம்" என்றாள். சாருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் விளக்கினாள். "எங்க ஊர்ல யாரு ரொம்ப கொற சொல்றாங்களோ, அவங்க கிட்டயே அந்த வேலயக் குடுத்துருவாங்க. எங்க மாமா கோயில் பொங்கல்ல உப்பு இல்ல, உப்பு இல்லன்னு சொல்லிக்கினே இருந்தாரு. இப்ப மூணு வருசமா அவருதான் பொங்கல் வெக்கிறாரு."

"நல்லா வெக்கிறாரா?"

"இல்லிங்க. ஆனா இப்ப யாரும் கொற சொல்றதில்ல. சொன்னா அடுத்த வருசம் அவங்க வெக்கணும்."

ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப முயல்?"

"அது எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லுது. நல்லா இருந்தா எதுக்குங்க மேயரு?"

சுந்தர் கையில் இருந்த முயல் தலை குனிந்தது. அவன் வேண்டுமென்று செய்ததா, கை வலித்ததா, தெரியாது.

ராகவன் சாரைத் தப்புச் சொல்ல முடியாது. டைரக்டரின் சிவப்பு மை அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டெடுப்பை மறுபடி எடுக்கலாம் என்றார். "இது நிகழ்ச்சிக்காகத்தான், நடிப்புதான். நாப்பது பேர் முயலுக்குக் குத்துங்க, மீதிப் பேர் முள்ளப்பருக்கு."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்னம்மாதான் கேட்டாள். "பேசி முடிச்சத மாத்தறதுன்னா, அப்பால எதுக்குங்க பேசறது?"

அவர் ஓட்டுப் பெட்டியை மூடினார். "சாப்பிட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஐம்பத்தெட்டு பேர் என்னை மேயராக்கியிருக்கிறார்கள். ஒரு சாப்பாட்டு நேரம்தான் அந்தப் பதவி.

5. மேயரின் முதல் வேலை

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார்கள். அன்றைக்கு நான் குறை சொல்லாத ஒரே பொருள் அதுதான். கை கழுவும்போது சென்னம்மா நாலைந்து பேரோடு வந்தாள்.

"மேயர் எங்க?"

"பொட்டியில கீறாரு. தூங்கறாரு."

"எழுப்புங்க. வேல கீது."

எடுத்து மாட்டினேன். "வாங்க" என்றாள் அவரிடம். காலையில் "நீ"யாக இருந்தவர் ஓட்டு விழுந்ததும் "நீங்க" ஆகியிருந்தார். நான் அப்போதும் அவள் கண்ணில் படவில்லை. முள்ளப்பர் முன்னால் போக, அவருக்குப் பின்னால் நான் போக, எங்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வந்தது. பம்படியில் நிறுத்தினார்கள்.

"இத எவன் பாக்கணுமோ அவன் எங்கன்னு கேட்டீங்களே" என்றாள் சென்னம்மா. "நீங்கதான். பாருங்க."

கம்பளியும் ஈர்க்கும் வைத்துப் பம்பைச் சரி செய்ய முடியாது. நான் போய் யூசுப் பாயைக் கூட்டி வந்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, ஸ்பேனரால் பம்பின் தலை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கைப்பிடியோடு சங்கிலியைச் சேர்க்கும் போல்ட் தேய்ந்து பாதியாகியிருந்தது. அதனால்தான் எவ்வளவு அடித்தாலும் உள்ளே கம்பி ஏறவில்லை.

"போல்ட்டு போச்சு" என்றார். "நம்ம ஸ்டாண்டு சைஸ்தான்."

லைட்டை மேலும் கீழும் திருப்பி நிறுத்த ஸ்டாண்டின் கழுத்தில் ஒரு போல்ட் உண்டு. அதே சைஸ். அது இல்லாவிட்டால் லைட் தலை தொங்கிப்போகும்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதே போல்ட் இன்னொன்று நீல டப்பாவில் இருந்தது. எனக்குத் தெரியும். காலையில் சத்தம் தாங்காமல் டப்பாவைத் திறந்து, கடகடப்பது எது என்று பார்த்தவள் நான்தான். அதே போல்ட்தான் ஆடிக்கொண்டிருந்தது. பத்து அடி நடந்தால் வேன். நான் நடக்கவில்லை.

"ஸ்டாண்டுலேர்ந்து கழட்டிப் போடுங்க பாய்" என்றார் முள்ளப்பர். "மேயர் சொல்றேன்."

யூசுப் பாய் பொம்மையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். டப்பா அவருடையது. அதில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஸ்டாண்டிலிருந்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்து பம்பில் மாட்டினார்.

ஆறாவது அடியில் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் தட்டவில்லை. குடம் எடுத்து வந்து வரிசையில் நின்றார்கள். சென்னம்மா ஒரு கை குடித்துப் பார்த்துவிட்டு, "கைப்பிடி இன்னும் கிறீச்சுங்குது" என்றாள்.

"கொற சொல்றியா?" என்றார் முள்ளப்பர். "அப்ப எண்ணெ போடறது உன் வேல."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். எங்கள் இரண்டு பேருக்கும் சட்டம் தெரிந்திருந்தது.

மறு ஓட்டுக்கு லைட் வைக்க நாங்கள் உள்ளே வந்தோம். மேகம் இன்னும் இறங்கியிருந்தது. ஒரு லைட் எரிந்தது. இன்னொன்று தலையைத் தொங்கப் போட்டுத் தரையைப் பார்த்தது. கேமராமேன், "ஒரு லைட்ல படம் வராது சார், இருட்டாத்தான் இருக்கும்" என்றார்.

"ஸ்பேர் போல்ட் இல்லையா பாய்?" என்றார் ராகவன் சார்.

"இல்ல சார்" என்றார் யூசுப் பாய். "கட்டறதுக்குக் கம்பியும் இல்ல."

ராகவன் சார் வேனைப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பம்படியைப் பார்த்தார். வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை எடுத்தார். துடைக்கவில்லை. மறுபடி போட்டுக்கொண்டார்.

"பேக் பண்ணுங்க" என்றார். "இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும்."

இறங்கும்போது நீல டப்பா வளைவுக்கு வளைவு கடகடத்தது. நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

6. எண்ணெய் போட்டாச்சு

டேப்பில் இருந்தது இருந்தபடி ஒளிபரப்பானது. வேறு வழி இல்லை, இது ஒன்றுதான் இருக்கிறது என்று ராகவன் சார் டைரக்டரிடம் சொன்னார். "பேசவும்" மறுபடி வந்தது. அந்த அப்பாவும் மறுபடி எழுதினார். இந்த முறை இரண்டு பக்கம்.

ஆனால் கூடவே போஸ்ட் கார்டுகள் வரத் தொடங்கின. முதல் கார்டு மலையிலிருந்து. "மேயர் முள்ளப்பர் அவர்களுக்கு. கைப்பிடிக்கு எண்ணெய் போட்டாச்சு. அடுத்து கக்கூஸ் கதவு." பிறகு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் எழுதினார்கள். எங்கள் தெருவில் குழி, எங்கள் பள்ளியில் மணி உடைந்துவிட்டது, எங்கள் வாத்தியார் தூங்குகிறார். மேயரை ஊரை விட்டு அனுப்பினால் இத்தனை கார்டுக்கும் யார் பதில் சொல்வது என்று ராகவன் சார் கேட்டார். டைரக்டரிடம் சிவப்பு மை இருந்தது, பதில் இல்லை. முள்ளப்பர் ஊரில் தங்கினார். என் கடிதமும் புதுப்பித்து வந்தது.

மேயர் கதையின் இரண்டாவது ஸ்கிரிப்ட்டைப் படித்துவிட்டு நான் சொன்னேன், "இது சரியில்ல சார். மேயரு இப்டியா பேசுவாரு?"

"அப்படியா" என்றார். பேனாவை என் பக்கம் தள்ளினார். "அடுத்த வாரத்திலேருந்து நீ எழுது."

அவரும் மலைக்கு வந்தவர்தானே. எழுதினேன். எழுதுகிற ஆள் என்பதால் சில வருடத்தில் வேலை நிரந்தரமானது. அப்பா பார்த்த மாப்பிள்ளை என் சித்தப்பா பெண்ணைக் கட்டிக்கொண்டார். விசேஷங்களில் பார்ப்பேன். உண்மையிலேயே தங்கமானவர்.

அந்த லைட் ஸ்டாண்ட் மட்டும் சரியாகவில்லை. நீல டப்பாவைத் திறந்து போல்ட்டை எடுத்தால், அது அங்கேதான் இருந்தது என்று ஆகிவிடும். அதனால் யூசுப் பாய் கட்டுக்கம்பி வைத்துக் கட்டி ஓட்டினார். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவரும் ஏன் என்று கேட்காமல் கம்பிதான் கட்டினார். லைட் அவ்வப்போது மெதுவாகத் தலை குனியும். யாராவது போய் நிமிர்த்துவார்கள்.

பல வருடம் கழித்து ராகவன் சார் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, டீ, கேக் எல்லாம் முடிந்து அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அந்த அறை எனக்கு. மனசு கேட்காமல் சொன்னேன். "சார், அன்னிக்கு மலையில ஸ்பேர் போல்ட் இருந்துது. எனக்குத் தெரியும்."

"நீல டப்பாதானே?" என்றார். "சத்தம் தாங்கலைன்னு மலை ஏறுற வரைக்கும் நீதானே சொல்லிட்டு வந்தே. மறக்க முடியுமா?"

"தெரிஞ்சுமா சார் விட்டீங்க?"

"பேசி முடிச்சதை மாத்தறதுன்னா எதுக்குப் பேசறதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுதே. எனக்குப் பதில் தெரியலை. பதில் தெரியாம எப்படிம்மா அடுத்த டேக் எடுக்கிறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வழக்கம்போல எதையாவது குறை சொன்னேன். "அந்த ஸ்டாண்டு இன்னும் சாயுது சார். இத்தனை வருசமா யாருமே பாக்கலை."

ராகவன் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்ப நீ பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். குறை சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வேலையை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள், கட்டியதும் பின்வாங்கக் கூடாது. என் அறைக்குக் குறை சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒரு பேனாவை நீட்டினேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு என் அறைப் பக்கம் வரவில்லை. மீதிப் பேரை வைத்துத்தான் இத்தனை வருடம் நிகழ்ச்சி நடத்தினேன்.

ராகவன் சார் ஓய்வு பெற்ற மறுநாள் காலை, அவருடைய நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் நான் ஸ்டோருக்குப் போனேன். நீல டப்பா துருப்பிடித்து மேல் தட்டில் இருந்தது. திறந்தேன். போல்ட் அடியில் கிடந்தது. கம்பியைப் பிரித்துவிட்டு அதை ஸ்டாண்டில் மாட்டினேன். அளவு சரியாக இருந்தது.